ஒட்டுத் தெரியாமல் ஒரு யாளி

என் அப்பா புது மண்டபத்துத் தையல்காரர். மீனாட்சியம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே திருமலை நாயக்கர் கட்டிய மண்டபம் அது. மொத்தம் 124 தூண்கள். அதில் ஒரு தூணடியில் அப்பாவின் மிஷின் இருந்தது. சித்திரை பிறக்கப் போகிறது என்றால், அழகருக்கு வேண்டிக்கொண்டவர்களுக்குச் சல்லடமும் குல்லாவும் தைத்து மாளாது. பள்ளிக்கூடம் விட்டதும் நான் அங்கே போய் பட்டன் கட்டுவேன். கழுத்து வலித்து நிமிர்ந்தால் தலைக்கு மேலே, தூணில் செதுக்கிய ஒரு யாளி நிற்கும். அதன் முன்னங்காலில்தான் அப்பா இஞ்சு டேப்பைத் தொங்கவிடுவார்.

அந்தக் கடைகளெல்லாம் இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டன. நான் சென்னையில் பத்து வருஷம் அனிமேஷனிலும் கேமிலும் விலங்குகள் வரைந்துவிட்டு ஊர் திரும்பி, சிம்மக்கல் வீட்டு மாடியில் சனி ஞாயிறு பிள்ளைகளுக்கு வரையச் சொல்லித் தருகிறேன். வருகிற பிள்ளைகள் எல்லாருமே முதல் நாள் கேட்பது, "அக்கா, டிராகன் சொல்லித் தாங்க." தருவேன். ஆனால் யாளிக்கு அப்புறம்தான். டிராகனை அவர்கள் திரையில் மட்டும் பார்த்திருக்கிறார்கள். அதனால் ஒரு படத்தைப் பார்த்து இன்னொரு படம் வரைவதோடு நின்றுவிடுகிறார்கள். யாளி அப்படியில்லை. நடந்து போகிற தூரத்தில், கல்லில், பக்கவாட்டிலும் அடியிலும் நின்று பார்க்கிற மாதிரி இருக்கிறது.

யாளி என்பது சிங்க உடம்பு, பிதுங்கிய கண், கோரைப்பல், பல இடங்களில் யானைத் தும்பிக்கை. சங்கப் பாட்டில் இதன் பெயர் ஆளி. பொருநராற்றுப்படை கரிகாலனைச் சொல்லும்போது, பால்குடி மறக்காத ஆளிக் குட்டி தன் முதல் வேட்டையிலேயே களிற்றைக் கொன்றது போல என்கிறது. வரைய உட்காரும் முன் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிவிடுவேன். குட்டியே யானையைக் கொல்லும் என்றால் அதன் தோள் எவ்வளவு அகலம் இருக்க வேண்டும் என்று அவர்களே யோசிக்க ஆரம்பிப்பார்கள். பல விலங்குகளைச் சேர்த்து ஒன்றாக்குவது நம் ஊர் வழக்கம் மட்டுமல்ல. ஜப்பானில் பாகு என்றொரு விலங்கு உண்டு. யானைத் தும்பிக்கை, மாட்டு வால், புலிப் பாதம், கெட்ட கனவுகளைத் தின்றுவிடுமாம். எந்த ஊர் விலங்காக இருந்தாலும் வரைகிறவருக்குக் கஷ்டம் ஒரே இடத்தில்தான். ஒரு விலங்கு முடிந்து இன்னொன்று தொடங்கும் இடம். அப்பா பாஷையில் சொன்னால், ஒட்டு.

அதை நான் கற்றுக்கொண்டது ஒரு தோல்வியில். முதல் வேலையில் ஒரு யாளியை அசைய வைக்கச் சொன்னார்கள். சிங்கத்தின் மூக்கு நுனியில் தும்பிக்கையை வைத்தேன். நின்ற நிலையில் நன்றாகத்தான் இருந்தது. தும்பிக்கையைத் தூக்கியதும் குழாயைச் சொருகியது போல ஆகிவிட்டது. மூத்த கலைஞர் ஒருவர் திரையை நிறுத்திக் கேட்டார்: "இது தும்பிக்கையைத் தூக்கும்போது முகத்துல எந்தச் சதை இழுபடும்மா?" எனக்குப் பதில் தெரியவில்லை. அந்த ஷாட் வேறொருவருக்குப் போய்விட்டது. தீபாவளிக்கு ஊருக்கு வந்தபோது அப்பாவின் தூணடியில் உட்கார்ந்து, வாழ்க்கையில் முதல்முறையாக அந்த முகத்தை ஒழுங்காகப் பார்த்தேன். தும்பிக்கை மூக்கு நுனியில் தொடங்கவே இல்லை. இரண்டு கண்களுக்கும் நடுவிலிருந்து இறங்குகிறது. கண்ணுக்குக் கீழே கன்னச் சதை அதோடு சேர்ந்து மடிகிறது. அதைச் செதுக்கியவர் யானையைக் கிட்டே நின்று பார்த்தவர்.

சரி, எப்படித் தொடங்குவது?

முதலில் போய்ப் பாருங்கள். கோயிலுக்குள் ஆயிரங்கால் மண்டபத்தில் நடுப்பாதையின் இரண்டு பக்கமும் யாளிகள் வரிசையாக நிற்கின்றன. பெயர் ஆயிரம் என்றாலும் தூண்கள் 985. கோயிலுக்குள் செல்போனுக்கு அனுமதி இல்லை, வெளியே கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். இதை ஒரு குறையாக நினைக்காதீர்கள். போட்டோ எடுத்துவிட்டால் கண் வேலையை நிறுத்திவிடும். ஒரே ஒரு யாளியைத் தேர்ந்தெடுங்கள். அதில் ஒரே ஒரு பாகத்தை, பாதம் என்றால் பாதத்தை மட்டும், அலுக்கும் வரை பாருங்கள். வெளியே வந்து சித்திரை வீதியில் உட்கார்ந்து நினைவிலிருந்து வரையுங்கள். எந்த இடத்தில் கை நிற்கிறதோ அதைத்தான் நீங்கள் பார்க்கவில்லை. மறுபடி போய் அதை மட்டும் பாருங்கள். மூன்று தடவை போய் வந்தால் அந்தப் பாதம் உங்களுடையது. புது மண்டபத்தில் வேலை நடக்கும் நாள்களில் உள்ளே விடமாட்டார்கள். அப்போது தெருவில் நின்றபடி வெளித்தூண்களைப் பாருங்கள்.

பார்க்கும் வரிசையும் முக்கியம். பிள்ளைகள் எடுத்ததும் கோரைப்பல்லுக்குப் போவார்கள். பல் கடைசி. முதலில் பாரம் எங்கே இறங்குகிறது என்று பாருங்கள். பின்னங்காலில் நின்று முன்னங்காலைத் தூக்கிய யாளிக்கு மொத்த உடம்பும் இடுப்பிலும் பின்தொடையிலும் உட்கார்ந்திருக்கும். அதனால்தான் சிற்பி தொடையை அவ்வளவு திரட்சியாகவும் இடையை அவ்வளவு ஒடுக்கமாகவும் வைத்திருக்கிறார். இடையைத் தடியாக்கிப் பாருங்கள், பாய்ச்சல் செத்துவிடும். பாதத்தில் விரல்கள் கல்லைக் கவ்வியிருக்கும், நகம் பதிந்த இடத்தில் விரல் கணு மேலே எழும்பியிருக்கும். அந்தக் கணுவை வரையாவிட்டால் கால் தரையில் நிற்காது, தரைமேல் ஒட்டிய ஸ்டிக்கர் போல இருக்கும்.

அடுத்து உயிருள்ள விலங்குகள். சிங்கம் பார்க்க எங்கும் போக வேண்டாம். தெருப் பூனை போதும். பூனை மெதுவாக நடக்கையில் அதன் தோள்பட்டை எலும்பு இரண்டும் முதுகுக்கு மேலே மாறி மாறி ஏறி இறங்கும். சிங்கத்துக்கும் அதேதான். நடையில் கால் வைக்கும் வரிசை: இடது பின்னங்கால், இடது முன்னங்கால், வலது பின்னங்கால், வலது முன்னங்கால். பூனை விரல்களில் நடக்கிறது, நமக்குக் குதிகால் இருக்கும் மூட்டு அதற்குத் தரையை விட்டு உயரத்தில் இருக்கும். பின்னங்காலை நேர்க்குச்சி மாதிரி வரைகிறவர்கள் இந்த மூட்டைத்தான் தவற விடுகிறார்கள்.

யானைக்கு வந்தால், தும்பிக்கையில் எலும்பே கிடையாது. மூக்கும் மேலுதடும் சேர்ந்து நீண்ட முழுச் சதை. ஆகவே அது எங்கே வேண்டுமானாலும் வளையும், ஆனால் முழங்கை மாதிரி மடங்காது. மடிப்பு வளைவின் உள்பக்கம் நெருங்கி விழும், வெளிப்பக்கம் விரிந்து இழுபடும். இந்த ஒன்றைக் கவனித்து வரைந்தால் தும்பிக்கை பாதி முடிந்தது.

பாய்வதற்கு முந்தைய நொடிக்கு நான் காளையைத்தான் சொல்வேன். அலங்காநல்லூரிலோ பாலமேட்டிலோ வாடிவாசலைத் தாண்டும் காளை, முட்ட வரும் முன் தலையைத் தாழ்த்தும், திமில் இறுகும், பாரம் பின்னால் போகும். அதற்கப்புறம்தான் பாய்ச்சல். அனிமேஷனில் இந்தப் பின்வாங்கலுக்கு இடம் கொடுக்காத பாய்ச்சல் எடுபடவே எடுபடாது.

இனி ஒட்டு. அப்பாவிடம் யாராவது கிழிந்த பட்டுச் சட்டையைக் கொண்டுவந்தால், ஒட்டுத்துணியை அவர் கிழிசலின் விளிம்பிலேயே தைத்து நிறுத்த மாட்டார். கொஞ்சம் தள்ளி, ஏற்கெனவே மடிப்போ சரிகையோ போகும் இடத்தில் தையலைக் கொண்டுபோய் மறைப்பார். யாளி செய்த சிற்பிகளும் அதையேதான் செய்திருக்கிறார்கள். தும்பிக்கை சிங்க முகத்தில் சேரும் இடத்தில் புருவச் சுருள். கழுத்து தோளில் சேரும் இடத்தில் பிடரிமயிர்ச் சுருளும் மணிச்சரமும். ஆபரணம் அழகுக்கு என்று நினைத்திருந்தேன். அது ஒட்டை மூடுகிறது. ஆனால் மூடுவதற்கு முன் அடியில் சதை சரியாக இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் அசையும்போது காட்டிக்கொடுத்துவிடும்.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். பிடரியும் மணியும் இல்லாத மொட்டை யாளி ஒன்றை முதலில் வரையுங்கள். தும்பிக்கையின் அடியைக் கண்களுக்கு நடுவே நெற்றி வரை ஏற்றுங்கள். சிங்க முகத்தின் நீளத்தில் பாதியைக் குறைத்துவிடுங்கள், அந்த இடத்தைத் தும்பிக்கை எடுத்துக்கொள்ளும். வாய் தும்பிக்கைக்குக் கீழே, இரண்டு பக்கமும் நன்றாகக் கிழிந்து விரிய வேண்டும். இப்போது அதே தலையைத் தும்பிக்கை தூக்கிய நிலையில் இன்னொரு தடவை வரையுங்கள். மேலுதடு ஏற வேண்டும், கன்னம் மடிய வேண்டும், கண்ணின் கீழ் இமை கொஞ்சம் நெருங்க வேண்டும். இரண்டு படமும் ஒரே விலங்காகத் தெரிந்தால் பிடரியைப் போடலாம். இதற்கு என் பிள்ளைகளுக்கு நாலு வாரம் ஆகிறது. அவசரப்படுத்துவதில்லை.

கிளிக்கூட்டு மண்டபப் பக்கம் போனால் யாளியின் வாய்க்குள் கல் உருண்டை இருப்பதைப் பாருங்கள். வெளியே எடுக்க முடியாது, உள்ளேயே உருளும். தனியாகச் செய்து உள்ளே போட்டதல்ல, அதே கல்லில் பற்களுக்கு இடையே உளியை விட்டுச் செதுக்கி விடுவித்தது. வாயை வெறும் கறுப்புக் குழியாக வரையும் பிள்ளைகளை அதன் முன்னால் நிறுத்திவிடுவேன். வாய்க்குள் நாக்கும் அண்ணமும் ஓர் உருண்டை உருளும் அளவு இடமும் இருக்கின்றன என்று அப்புறம் சொல்ல வேண்டியதில்லை.

உருவம் தயாரானதும் முழுவதையும் கறுப்பாக நிரப்பித் தோல்பாவை நிழல் போல ஆக்கிப் பாருங்கள். தும்பிக்கை மார்போடு ஒட்டிக் காணாமல் போனால் நிலையை மாற்ற வேண்டும். கருவிக்குப் பெரிய செலவு வேண்டாம். 2பி பென்சில், நோட்டு. கம்ப்யூட்டரில் என்றால் வரையக் கிரிட்டா, அசைய வைக்கப் பிளெண்டர், இரண்டு மென்பொருளும் இலவசம்.

நடக்க வைப்பதற்கு: நொடிக்கு 24 பிரேம், அதாவது 24 படம், என்று வைத்துக்கொண்டு, பூனை நடையின் வரிசையை எடுத்துக்கொண்டு, யானையின் நேரத்தைக் கொடுங்கள். ஒரு முழு நடைச்சுற்றுக்கு நான் 36 முதல் 40 பிரேம் வரை வைப்பேன். கால் ஊன்றியதும் உடம்பு உடனே நின்றுவிடக் கூடாது. வயிறு இரண்டு பிரேம் தாமதமாக இறங்கட்டும், தும்பிக்கை நுனி அதற்கும் பின்னால் வரட்டும், மணிச்சரம் எல்லாவற்றுக்கும் கடைசி.

இன்னும் பெரிதாக, மலை அளவு ஒரு பூதம் வேண்டும் என்று கேட்பவர்களை யானைமலை அடிவாரத்து ஒத்தக்கடைக்குக் கூட்டிப் போகிறேன். மதுரையைச் சுற்றியிருக்கும் மலைகளே அப்படி வந்தவைதான் என்று திருவிளையாடல் சொல்கிறது. மதுரையை அழிக்கச் சமணர்கள் ஏவிய யானை சொக்கநாதர் விட்ட நரசிங்க அம்பில் விழுந்து யானைமலை ஆனது. நாகம் நாகமலை. மாயப்பசு பசுமலை. யானைமலையைப் பார்த்தபடி, அது எழுந்து நிற்பதாக வரையச் சொல்வேன். எவ்வளவு பெரிய பேப்பர் கொடுத்தாலும் யானை சிறியதாகவே தெரியும். அதன் காலடியில் பஸ் ஒன்றையும் டீக்கடை ஒன்றையும் போடச் சொன்னதும் மலை வளர்ந்துவிடும். முதுகில் மரங்களைப் பொடியாகப் போட வேண்டும். அது எழும்போது பாறை உதிர்வதை மெதுவாக விழவிட வேண்டும். பெரிய உருவத்தில் சின்னப் பொருள்கள் எவ்வளவு நேரம் எடுத்து விழுகின்றனவோ அவ்வளவு உயரம் தெரியும்.

சித்திரைத் திருவிழாவில் மீனாட்சி பட்டாபிஷேகத்துக்கு முந்தைய நாள் யாளி வாகனம் வரும். மாசி வீதியில் கொஞ்சம் முன்னாலேயே போய் ஓரமாக இடம் பிடித்துவிடுங்கள். வாகனம் அசைந்து வரும்போது விளக்கு வெளிச்சம் முகத்தில் ஏறி இறங்கும், கண்ணும் பல்லும் ஒவ்வொரு அசைவிலும் வேறு மாதிரி தெரியும். அம்மனைக் கும்பிட்டுவிட்டு, தும்பிக்கை முகத்தில் சேரும் இடத்தைப் பாருங்கள்.