புல் மருந்து: மூடியைத் திறக்கும்போதே தொடங்கும் தவறுகள்

எங்கள் வீட்டு மாட்டுத் தொழுவத்தில், உத்தரத்துக்கும் ஓலைக்கும் நடுவே இரண்டு பாட்டில்கள் செருகியிருக்கும். இரண்டுமே பழைய குளிர்பான பாட்டில்கள். ஒன்றில் மாட்டுக்கு வயிறு ஊதினால் புகட்ட வைத்திருந்த எண்ணெய். மற்றொன்றில் புல் மருந்து, அதாவது களைக்கொல்லி. மருந்து பாட்டிலின் கழுத்தில் சிவப்பு நூல் கட்டியிருக்கும், அதுதான் அடையாளம். ஒரு மழைக்காலத்தில் அந்த நூல் இற்று விழுந்துவிட்டது. தூசி படிந்த பாட்டில்களுக்குள் இரண்டும் ஒரே கறுப்பாகத் தெரிந்தன. அப்பா ஒவ்வொன்றையும் ஆட்டிப் பார்த்து, மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்து, "இதுதான் எண்ணெய்" என்றார். மாடு பிழைத்துக்கொண்டது. ஆனால் அன்று நாங்கள் செய்தவற்றில் ஒன்றுகூடச் சரியானதல்ல.

களைக்கொல்லிகளில் பல வகை உண்டு. இங்கே நான் பேசுவது பாராகுவாட் டைகுளோரைடு 24 சதவீதக் கரைசலைப் பற்றி மட்டும். கிராமாக்சோன் என்ற பெயரில் உலகெங்கும் பரவிய சரக்கு இது. இப்போது பல நிறுவனங்கள் பல பெயர்களில் விற்கின்றன. நல்ல வெயிலில் அடித்தால் சில மணி நேரத்தில் புல் வாடத் தொடங்கும். இரண்டு மூன்று நாளில் வரப்பு கருகிக் கிடக்கும். கூலிக்கு ஆள் கிடைக்காத ஊரில் இதைவிடக் கண்ணுக்குக் குளிர்ச்சியான காட்சி வேறில்லை என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன்.

இது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால், கீழே சொல்லும் தவறுகள் எல்லாம் ஏன் தவறுகள் என்பது தானாக விளங்கும். 1933-லேயே இந்த வேதிப்பொருள் ஆய்வகங்களில் இருந்தது. களையைக் கொல்ல அல்ல, நிறங்காட்டியாக. எலக்ட்ரான் ஒன்று சேர்ந்தால் நிறமற்ற கரைசல் நீலமாகிவிடும். இது புல்லைக் கொல்லும் என்பதை இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. நிறுவனம் 1955-இல் கண்டறிந்தது. 1962-இல் சந்தைக்கு வந்தது. இலையில் ஒளிச்சேர்க்கை நடக்கும்போது ஓடும் எலக்ட்ரானை இது பிடுங்கி, ஆக்சிஜனிடம் கொடுத்துவிடுகிறது. அந்த ஆக்சிஜன் வெறி பிடித்ததுபோல் சுற்றியிருக்கும் செல் சவ்வுகளை அரிக்கிறது. கொடுத்து முடித்த பாராகுவாட் பழைய நிலைக்குத் திரும்பி, அடுத்த எலக்ட்ரானைப் பிடுங்கப் போகிறது. தான் தீராமல் பிறவற்றைத் தீர்க்கும் பொருள் இது. இதே வேலையை மனித உடம்பிலும் செய்யும். ஆக்சிஜன் அதிகமாகப் புழங்கும் உறுப்பு நுரையீரல். போதாக்குறைக்கு, நுரையீரலின் செல்கள் பாராகுவாட்டைத் தமக்கு வேண்டிய வேறொரு பொருள் என்று எண்ணி, ரத்தத்திலிருந்து தாமே இழுத்துச் சேர்த்துக்கொள்கின்றன.

இதிலிருந்து முதல் தவறு புரியும். மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டால் போதும், மருந்து நுரையீரலுக்குப் போகாது என்று நம்புகிறோம். கைத்தெளிப்பானிலிருந்து வரும் துளிகள் நுரையீரலின் அடிவரை போக முடியாத அளவுக்குப் பெரியவை. அவை மூக்கை அரிக்கும், ரத்தம் கசியவைக்கும். ஆகவே முகத்தை மூடத்தான் வேண்டும். ஆனால் நுரையீரலைக் கெடுக்கும் அளவு முக்கியமாக வாய் வழியாகவும் தோல் வழியாகவும் ரத்தத்துக்கு வந்து, அங்கிருந்து நுரையீரலுக்குப் போகிறது. மூக்கை மூடிவிட்டு, வெறுங்கையால் வாளியைக் கலக்குகிறவர் வாசலைப் பூட்டிக் கொல்லையைத் திறந்து வைத்தவர்.

கலக்கும் ஐந்து நிமிடம்

நாள் முழுக்க அடிப்பதைவிட ஆபத்தானது, அடிப்பதற்கு முன்னால் வரும் அந்த ஐந்து நிமிடம். டேங்கில் இருப்பது தண்ணீரில் பலமடங்கு நீர்த்த கரைசல். பாட்டிலில் இருப்பது முழு வீரியத்தோடு இருக்கும் விஷம். ஆனால் நம் ஆட்கள் செய்வது தலைகீழ்: வயலில் இறங்கும்போது முழுக்கை சட்டை, தலையில் துண்டு; கலக்கும்போது வெறும் பனியன். அளவுக்கு பாட்டில் மூடி. மூடியில் ஊற்றும்போது விரலில் வழியும். வழிந்ததை லுங்கியில் துடைப்பார்கள். பிறகு அதே கையால் பீடி பற்றவைப்பார்கள், வெற்றிலை மடிப்பார்கள். பாராகுவாட்டோடு நெடுநாள் புழங்கியவர்களின் நகங்களைக் கவனித்தால் தெரியும். வெள்ளைப் பட்டைகள் விழுந்து, பள்ளமாகி, சிலருக்கு நகமே கழன்றிருக்கும். சேற்றுப்புண் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

கையுறையும் முகமூடிக் கண்ணாடியும் முன்பக்கம் மறைக்கும் பிளாஸ்டிக் மேலாடையும் வேண்டியது இந்த ஐந்து நிமிடத்துக்குத்தான். இவ்வளவு வெயிலில் நாள் முழுக்க இவற்றைப் போட்டுக்கொள் என்று சொல்வது எளிது, செய்வது கடினம் என்பது எனக்குத் தெரியும். கலக்கும்போதாவது போடுங்கள். கையுறையில் ஓட்டை இருந்தால் அதைப் போடாமலே இருப்பது மேல். உள்ளே போன மருந்து வெளியே வராமல் கையோடு ஒட்டிக் கிடக்கும். கழற்றுவதற்கு முன் கையுறையோடு கையைக் கழுவ வேண்டும். சிறுநீர் கழிக்கப் போவதற்கு முன்னும் கையைக் கழுவ வேண்டும். சொல்லக் கூச்சப்படுவதால் யாரும் சொல்வதில்லை. அந்த இடத்துத் தோல் மெல்லியது. மருந்து பட்டால் வெந்துபோகும்.

தண்ணீர் விஷயத்திலும் ஒரு தவறு உண்டு. பக்கத்து வாய்க்காலில் கலங்கலாக ஓடுவதை மொண்டு டேங்கில் ஊற்றுவோம். பாராகுவாட் களிமண் துகளைக் கண்டால் இறுகப் பற்றிக்கொள்ளும். பற்றிய பிறகு புல்லை எதுவும் செய்யாது. புல் சரியாகக் காயவில்லை, சரக்கு போலி என்று கடைக்காரரிடம் சண்டை போட்டுவிட்டு, அடுத்த முறை இரண்டு மடங்கு ஊற்றுகிறோம். செலவும் இரட்டிப்பு, கையில் படுவதும் இரட்டிப்பு. தெளிந்த தண்ணீர் எடுத்தால் பாட்டிலில் ஒட்டிய அட்டையில் போட்டிருக்கும் அளவே போதும். மாலையில் அடித்தால் இன்னும் நன்றாகப் பிடிக்கும். வெளிச்சம் இல்லாத இரவில் இலைக்குள் பரவி நின்றுகொண்டு, விடிந்ததும் வேலையைத் தொடங்கும்.

ஒழுகும் முதுகு

முதுகில் மாட்டும் தெளிப்பானின் மூடியில் ஒரு ரப்பர் வாஷர் இருக்கிறது. பத்து இருபது ரூபாய் சமாச்சாரம். அது வெடித்துப்போனால், குனியும் ஒவ்வொரு முறையும் கரைசல் கழுத்து வழியாக முதுகில் இறங்கும். வியர்வை என்று விட்டுவிடுகிறோம். மாலைவரை நனைந்த சட்டையோடு அடித்து, முதுகிலும் இடுப்பிலும் புண்ணாகி, அந்தப் புண் வழியாகவே விஷம் ஏறி இறந்தவர்கள் உண்டு என்று மருத்துவ இலக்கியம் பதிவு செய்திருக்கிறது. நல்ல தோல் இதைச் சுலபமாக உள்ளே விடாது. வெட்டுக்காயம், சிரங்கு, நனைந்து ஊறிய தோல் ஆகியவை விட்டுவிடும். ஆகவே மருந்து ஊற்றுவதற்கு முன் வெறும் தண்ணீரை நிரப்பி, ஐந்து நிமிடம் முதுகில் மாட்டி நடந்து பாருங்கள். சட்டை நனைந்தால் அன்றைக்கு வேலை வேண்டாம்.

தெளிப்பு முனையான நாசில் அடைத்துக்கொண்டால் வாயில் வைத்து ஊதுவது எங்கள் ஊரில் பரம்பரைப் பழக்கம். பூச்சி மருந்தில் செய்தவர்கள் இதிலும் செய்கிறார்கள். மாற்று நாசில் ஒன்றைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. அடித்துக்கொண்டே முன்னோக்கி நடப்பது மற்றொன்று: நனைந்த புல்லுக்குள் நாமே கால் வைக்கிறோம். பின்னோக்கியோ பக்கவாட்டிலோ நகர்ந்து, நனையாத பக்கம் நிற்க வேண்டும். பூட்ஸ் போட்டால் கால்சட்டை வெளியே தொங்க வேண்டும். உள்ளே செருகினால் வழிவதெல்லாம் பூட்ஸுக்குள் சேரும். அடித்த துணியை வீட்டுத் துணிகளோடு ஊறவைக்கக் கூடாது. அதைத் துவைப்பவர் பெரும்பாலும் வயலுக்கே போகாத அம்மாவோ மனைவியோதான்.

மஞ்சள் முக்கோணம்

அட்டையில் இருக்கும் முக்கோணத்தைப் பார்த்து, "மஞ்சள்தானே, சிவப்பு இல்லையே" என்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். 1971-ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லி விதிகளின்படி சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என நான்கு நிறங்கள். மஞ்சள் இரண்டாவது இடம். ஆனால் அந்த வரிசை, சோதனை விலங்குகளைக் கொல்ல எவ்வளவு தேவை என்ற கணக்கை வைத்துப் போட்டது. விஷத்தை முறிக்கும் மாற்று மருந்து உண்டா இல்லையா என்பது அந்தக் கணக்கில் வராது. சிவப்பு முக்கோணம் போட்ட சில பூச்சிக்கொல்லிகளுக்கு மருத்துவமனையில் அட்ரோபின் என்ற மாற்று மருந்து இருக்கிறது. மஞ்சள் போட்ட பாராகுவாட்டுக்கு மாற்று மருந்து எதுவும் இல்லை. என்னைக் கேட்டால் இந்த நிறம் விவசாயியை ஏமாற்றுகிறது.

வாய்க்குள் போய்விட்டால் செய்யும் தவறுகள் இன்னும் கொடியவை. முதல் நாள் ஆள் நன்றாகவே இருப்பார். வாய் எரிகிறது, இரண்டு முறை வாந்தி எடுத்தார், இப்போது பேசுகிறார் என்று வீட்டிலேயே வைத்துக்கொள்கிறார்கள். இரண்டு மூன்று நாளில் நாக்கு வெந்து புண்ணாகும், சிறுநீர் குறையும். மூச்சுத் திணறல் அதன் பிறகுதான் வரும்; அதற்குள் நுரையீரல் தழும்பாகி இறுகத் தொடங்கியிருக்கும். நம் கையில் இருப்பது முதல் சில மணி நேரம் மட்டுமே. உப்புக் கரைசல் கொடுத்து வாந்தி எடுக்கவைப்பது, மோரும் முட்டையும் தேடி ஓடுவது எல்லாம் அந்த நேரத்தைத் தின்றுவிடும். உடனே 108-ஐ அழையுங்கள். பாட்டிலை, முடியாவிட்டால் அட்டையையாவது, ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். என்ன விஷம் என்று பெயர் சொல்லுங்கள். மருத்துவமனையில் சிறுநீரோடு டைதயோனைட் என்ற பொருளைச் சேர்த்துப் பார்ப்பார்கள். பாராகுவாட் இருந்தால் நீலமாகும். 1933-இல் ஆய்வகத்தில் பார்த்த அதே நீலம்.

ஆக்சிஜன் வையுங்கள் என்று மருத்துவரிடம் சண்டை போடாதீர்கள். இந்த விஷத்துக்கு ஆக்சிஜன் விறகு. ரத்தத்தில் ஆக்சிஜன் மிகவும் குறைந்தால் தவிர அவர்கள் தயங்குவதற்குக் காரணம் அதுதான். கண்ணில் தெறித்தால் பதினைந்து நிமிடமாவது ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். முதலில் எரிச்சல் குறைவாகத்தான் இருக்கும்; ஓரிரு நாள் கழித்துத்தான் கருவிழியின் மேல்தோல் உரியும்.

பூட்டு

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2007-இல் நீதிமன்றம் இதன் அனுமதியை ரத்து செய்தது. தென் கொரியா 2012-இல் விற்பனையை நிறுத்தியது. இலங்கை 2008 முதல் படிப்படியாகக் குறைத்து, பின்னர் முழுவதுமாகத் தடை செய்தது. கேரளம் 2011-இலேயே தடை செய்த பட்டியலில் இது இருக்கிறது. ஆண்டுக்கணக்கில் புழங்கியவர்களுக்குப் பார்க்கின்சன் நோய் கூடுதலாக வருகிறதா என்ற விவாதம் தனியே நடக்கிறது. ஆனால் தென் கொரியாவும் இலங்கையும் பெரிதும் அஞ்சியது வீட்டுக்குள் இருக்கும் பாட்டிலைப் பார்த்துத்தான்: தவறிக் குடித்த குழந்தை, ஆத்திரத்தில் எடுத்த பெரியவர். கோபமும் விரக்தியும் பல நேரங்களில் ஒரு மணி நேரத்தில் தணிந்துவிடும்; அந்த ஒரு மணி நேரத்தில் பாட்டில் கைக்கு எட்டக் கூடாது. வீட்டில் யாராவது மனம் உடைந்திருந்தால் பாட்டிலை அன்றே வெளியேற்றுங்கள். 104-இல் பேசுவதற்கு ஆட்கள் இருக்கிறார்கள்.

கடையில் ஒரு லிட்டர் வாங்கி நான்கு பேர் பங்கு போட்டு, ஆளுக்கொரு குளிர்பான பாட்டிலிலோ மதுபாட்டிலிலோ ஊற்றிக்கொள்வதுதான் நான் பார்த்தவற்றிலேயே பெரிய தவறு. அட்டை ஒருவரிடம் போகிறது, விஷம் நான்கு வீட்டுக்குப் போகிறது. தேவைப்படும் அளவுக்குச் சிறிய பாட்டிலாகவே வாங்குங்கள். காலியான பாட்டிலை மூன்று முறை அலசி, அலசிய தண்ணீரை டேங்கிலேயே ஊற்றி, பாட்டிலை ஓட்டை போட்டுவிடுங்கள், வாய்க்காலில் கழுவாதீர்கள்.

எங்கள் தொழுவத்தின் உத்தரத்தில் இப்போது எதுவும் செருகியிருப்பதில்லை. வரப்புக்குப் புல்வெட்டும் இயந்திரத்தை வாடகைக்கு எடுக்கிறோம். இரண்டு வாரம் கழித்து மறுபடியும் முளைக்கிறது, மறுபடியும் வெட்டுகிறோம். வெட்டிய புல்லை மாடு தின்கிறது. அப்பா மட்டும் கருகிக் கிடக்கும் பக்கத்து வரப்பைப் பார்த்து அவ்வப்போது பெருமூச்சு விடுகிறார்.