பேக்எண்டிலிருந்து முதல் மெயில்

பாஸ்வேர்டை மறந்தவருக்கு லிங்க், பதிவு செய்தவருக்கு ஓடிபி என்று எந்த வெப் ஆப்பிலும் ஒரு நாள் மெயில் அனுப்ப வேண்டி வரும். நோட் ஜேஎஸ் கொஞ்சம் தெரிந்தால் போதும். நோட்மெயிலர் என்ற லைப்ரரியை வைத்தே செய்துவிடலாம்.

உங்கள் கோட் மெயிலை நேராகப் பெறுபவரிடம் கொண்டுபோய்க் கொடுப்பதில்லை. ஒரு எஸ்எம்டிபி சர்வரிடம், அதாவது மெயிலை வாங்கி அனுப்பிவைக்கும் சர்வரிடம் ஒப்படைக்கிறது, அவ்வளவுதான். இது மனதில் இருந்தால் பின்னால் வரும் குழப்பங்கள் பாதி தீரும்.

படி 1: போலி சர்வர்

முதலில் மெயில்பிட் என்ற சோதனை மெயில் சர்வரை உங்கள் கணினியில் நிறுவுங்கள். வரும் மெயில் எதையும் வெளியே விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். போர்ட் 1025-இல் மெயிலை வாங்கும். பிரவுசரில் லோக்கல்ஹோஸ்ட் 8025-ஐத் திறந்தால் அதைப் பார்க்கலாம். நான் ஒருமுறை சோம்பல்பட்டு இதைத் தவிர்த்தேன். டெஸ்ட் டேட்டாபேஸில் இருந்ததோ நிஜப் பயனர்களின் முகவரிகள். "சோதனை சோதனை" என்ற மெயில் அத்தனை பேருக்கும் போய், மன்னிப்புக் கேட்டு இன்னொன்றும் அனுப்ப வேண்டியதாயிற்று.

படி 2: கோட்

என்பிஎம்மில் நோட்மெயிலரை நிறுவுங்கள். கிரியேட்டிரான்ஸ்போர்ட் ஃபங்ஷனுக்கு ஹோஸ்ட், போர்ட் இரண்டையும் கொடுங்கள். கிடைக்கும் ஆப்ஜெக்ட்டில் சென்ட்மெயிலை அழைத்து ஃப்ரம், டு, சப்ஜெக்ட், டெக்ஸ்ட், எச்டிஎம்எல் ஆகியவற்றை நிரப்புங்கள். முன்னால் அவெயிட் போட மறக்காதீர்கள்.

படி 3: நிஜ சர்வர்

இப்போது கிரியேட்டிரான்ஸ்போர்ட்டில் நிஜ சர்வரின் ஹோஸ்ட்டையும் போர்ட்டையும் கொடுங்கள். போர்ட் 587 என்றால் அங்கேயே செக்யூர் என்ற இடத்தில் ஃபால்ஸ் போட வேண்டும். பெயரைப் பார்த்துப் பயப்படாதீர்கள். இணைப்பு சாதாரணமாகத் தொடங்கி, ஸ்டார்ட்டிஎல்எஸ் மூலம் குறியாக்கத்துக்கு மாறும். 465 என்றால் ட்ரூ. 587-க்கு ட்ரூ போட்டால் "ராங் வெர்ஷன் நம்பர்" என்று ஒரு புரியாத பிழை வரும். 25 பக்கம் போகவே வேண்டாம், பல கிளவுட் நிறுவனங்கள் அதை அடைத்தே வைத்திருக்கின்றன.

ஜிமெயில் வழியாக அனுப்பினால் வழக்கமான பாஸ்வேர்ட் செல்லாது. இரண்டு கட்ட சரிபார்ப்பை இயக்கி, 16 எழுத்து ஆப் பாஸ்வேர்டை வாங்குங்கள். அதை கோடில் எழுதாமல், ரகசியங்களைத் தனியே வைக்கும் என்வ் (.env) ஃபைலில் வையுங்கள். அந்த ஃபைல் கிட் (Git) களஞ்சியத்துக்குள் போய்விடக் கூடாது.

படி 4: பதிலைப் படியுங்கள்

சர்வர் 250 என்று பதில் தந்தால் "வாங்கிக்கொண்டேன்" என்று பொருள். இன்பாக்ஸில் விழுந்துவிட்டது என்று அல்ல! 535 என்றால் லாகின் தவறு. 4-இல் தொடங்கும் எண் தற்காலிகச் சிக்கல், சற்றுப் பொறுத்து மீண்டும் முயலலாம். 5-இல் தொடங்கினால் எதையாவது திருத்தாமல் திரும்ப அனுப்பிப் பயனில்லை.

250 வந்தும் மெயிலைக் காணவில்லையா? ஸ்பேமில் தேடுங்கள். சொந்த டொமைனிலிருந்து அனுப்பினால், மெயில் உண்மையில் உங்களுடையதுதானா என்று பெறும் சர்வர் சரிபார்க்க உதவும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்ற மூன்று பதிவுகளையும் டொமைனின் டிஎன்எஸ்ஸில் அமைக்க வேண்டும். புதியவர்கள் அடிக்கடி செய்யும் இன்னொரு தவறு: தொடர்புப் படிவத்தை நிரப்பியவரின் முகவரியை ஃப்ரம்மில் போடுவது. அவருடைய டொமைன் பெயரில் அனுப்ப உங்கள் சர்வருக்கு அனுமதி கிடையாது. ஃப்ரம்மில் உங்கள் முகவரி, ரிப்ளைடூவில் அவருடையது, அதுதான் முறை.

எல்லாம் ஓடத் தொடங்கியதும், மெயில் போகும்வரை பயனரைக் காக்க வைக்காமல் அந்த வேலையை, பின்னணியில் ஒவ்வொன்றாகச் செய்யப்படும் ஒரு க்யூவில் (வரிசையில்) தள்ளிவிடுங்கள். அப்புறம், மறுமுயற்சிக்கு ஒரு எல்லை வையுங்கள். இல்லையென்றால் ஒரே ஓடிபி ஒருவருக்கே இருபது முறை போய் நிற்கும்.