மாரநாதா: ஒரு சொல்லை எங்கே பிரிப்பது?

பைபிளில், கொரிந்து நகரச் சபைக்குப் பவுல் எழுதிய முதல் கடிதம் 1 கொரிந்தியர். அதன் 16:22-ஐ நான் முதலில் படித்தது, 'அனாத்தெமா மாரநாதா' என்று சேர்த்து எழுதிய பழைய மொழிபெயர்ப்பில். இரண்டும் சேர்ந்து ஒரு பெரிய சாபம் என்றே பல வருடம் நினைத்திருந்தேன். முதலில் அந்த முடிச்சை அவிழ்த்துவிடுங்கள். அனாத்தெமா ('சபிக்கப்பட்டவன்') கிரேக்கச் சொல், மாரநாதா இயேசு பேசிய அரமேய மொழி. நடுவே ஒரு முற்றுப்புள்ளி வையுங்கள்.

அடுத்து, பக்கத்தில் பொருள் சொல்லியிருக்கிறதா என்று பாருங்கள். மாற்கு 5:41-இல் 'தலீத்தா கூமி' என்ற அரமேயச் சொற்கள் வந்த உடனே அதன் அர்த்தமும் வருகிறது. பவுல் இங்கே எதுவும் சொல்லவில்லை. கிரேக்கம் பேசும் கொரிந்தியருக்கு அந்தச் சொல் ஏற்கெனவே பழக்கம், 'ஆமென்' மாதிரி.

இனிதான் முக்கியமான வேலை. ஒரு தாளில் எட்டு கிரேக்க எழுத்துகளையும் இடைவெளி விடாமல் எழுதுங்கள்: மி, ஆல்ஃபா, ரோ, ஆல்ஃபா, நி, ஆல்ஃபா, தீட்டா, ஆல்ஃபா. பழைய கைப்பிரதிகளில் இப்படித்தான் இருக்கும். பள்ளியில் பொதுமொழி படித்திருப்பீர்களே: தாமரை என்றால் பூ, தா + மரை என்று பிரித்தால் தாவும் மான். இதுவும் அப்படித்தான்.

மாரன் + அதா: ஆண்டவர் வந்தார்.
மாரனா + தா: ஆண்டவரே, வாரும்.

'மார்' என்றால் ஆண்டவர். மார் தோமாவில் இருக்கும் அதே மார்தான். '-அன்', '-அனா' இரண்டுக்கும் 'நம்முடைய' என்றும் சொல்லலாம், 'எங்களுடைய' என்றும் சொல்லலாம். அரமேயம் அந்த வேறுபாட்டைக் காட்டாது, தமிழ் விடாது. ஒருவருக்கொருவர் அறிவிக்கும்போது 'நம் ஆண்டவர் வந்தார்'. அவரையே பார்த்துக் கூப்பிடும்போது 'எங்கள் ஆண்டவரே, வாரும்'. பிரிக்கும் இடம் மாறினால், யாரிடம் பேசுகிறோம் என்பதே மாறிவிடுகிறது. இதைக் கண்ட அன்று வெகுநேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சரி, எதைத் தேர்ந்தெடுப்பது? வெளிப்படுத்தல் 22:20-ஐத் திறங்கள். 'கர்த்தராகிய இயேசுவே, வாரும்' என்று அதே வேண்டுதல் கிரேக்கத்தில் இருக்கிறது. அப்புறம் திதாக்கே என்ற ஆதித் திருச்சபை நூலின் 10-ஆம் அதிகாரம்: நன்றி ஜெபத்தின் முடிவில் 'மாரநாதா, ஆமென்'. ஜெபத்தில் நிற்கும் சொல் ஆகையால் நான் இரண்டாவது பிரிப்பையே எடுத்துக்கொள்கிறேன். தமிழ் பைபிளின் பழைய திருப்புதலில் (மொழிபெயர்ப்பில்) மாரநாதாவுக்கு 'கர்த்தர் வருகிறார்' என்று இருக்கும் இடத்தில், ஓரத்தில் பென்சிலால் 'எங்கள் ஆண்டவரே, வாரும்' என்று எழுதி வைத்திருக்கிறேன்.