ஆய்வுக் கட்டுரையைத் தெருவில் இருக்கும் பெண்ணிடம் கொண்டுசேர்ப்பது எப்படி?

பெண்களின் வேலை, கூலி, உடல்நலம் பற்றி ஆய்வுகளுக்குக் குறைவில்லை. ஆனால் கேள்வித்தாளுக்குப் பொறுமையாகப் பதில் சொன்ன, வடசென்னைத் தண்டையார்பேட்டைப் பெண்ணிடம் அதன் முடிவு திரும்பி வருவது அரிது. அதைக் கொண்டுவந்து சேர்ப்பதும், ‘இது தப்பு’ என்று சொல்லும் உரிமையை அவருக்குக் கொடுப்பதும்தான் பெண்ணியத் தொடர்பாடலில் முதல் வேலை. கடைசியில் உங்கள் கையில் இரண்டு பொருள் இருக்க வேண்டும்: ஒரு ஏ4 தாள், மூன்று நிமிட வாய்ஸ் மெசேஜ்.

படி 1: கட்டுரையைப் பிடியுங்கள்

இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளை ‘ஷோத்கங்கா’ தளத்தில் காசில்லாமல் படிக்கலாம். காசு கேட்கும் இதழ்க் கட்டுரை என்றால், எழுதியவருக்கே மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள். முதலில் சுருக்கம், அடுத்து அட்டவணைகள், அதன்பின் ஆய்வின் வரம்புகள் பற்றிய பகுதி என்ற வரிசையில் படியுங்கள். யாரைக் கேட்டார்கள், எத்தனை பேரை, எங்கே, எந்த ஆண்டு? இந்த நான்கில் ஒன்றுக்கு விடை இல்லாவிட்டாலும் வேறு கட்டுரைக்குப் போய்விடுங்கள்.

படி 2: எண்ணை உடையுங்கள்

அதிகம் தவறு நடப்பது இங்கேதான். 2019ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பை எடுத்துக்கொள்வோம். சொந்த வீட்டுக்காகச் சம்பளமில்லாமல் செய்யும் வீட்டு வேலைக்கு ஒரு நாளில் பெண்கள் 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம் செலவிடுகிறார்கள் என்கிறது அது. இதை அப்படியே தாளில் போட்டால், ‘ஆண்களும் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் செய்கிறார்களே’ என்றுதான் படிப்பவர் நினைப்பார். அட்டவணையில் ஒரு நிபந்தனை இருக்கிறது: அன்று வீட்டு வேலை செய்தவர்களுக்கு மட்டுமான சராசரி இது. பெண்களில் 81.2 சதவீதம் பேர் அன்று வீட்டு வேலை செய்திருக்கிறார்கள், ஆண்களில் 26.1 சதவீதம் பேர்தான். செய்யாதவர்களையும் சேர்க்க, 299ஐ 81.2 சதவீதத்தாலும் 97ஐ 26.1 சதவீதத்தாலும் பெருக்கிப் பாருங்கள். பெண்ணுக்கு 243 நிமிடம் வரும், ஆணுக்கு 25.

இரண்டு கணக்கும் சரியே. ஆனால் ஒரு கணக்கிலிருந்து பெண்ணின் எண்ணையும் இன்னொன்றிலிருந்து ஆணின் எண்ணையும் எடுத்து ஒரே வரியில் வைத்தால் அது பொய். பிள்ளைகளையும் முதியவர்களையும் பார்த்துக்கொள்ளும் நேரம் தனித் தலைப்பில் வருகிறது, 299இல் சேராது. இது நாடு முழுவதற்குமான சராசரி என்பதையும் எழுதுங்கள். வடசென்னைக் கணக்காகக் காட்டாதீர்கள்.

பிறகு அந்த 299 நிமிடத்தை நாளின் பொழுதாக மாற்றுங்கள்: ‘காலை 5 மணிக்கு அடுப்பு பற்றவைத்தால் 10 மணி வரை நிற்காத வேலை.’ விடியும் முன்பே காசிமேடு ஏலத்துக்குப் போய் மீன் எடுக்கும் அக்கா உடனே கேட்பார்: ‘என் பொழுது 3 மணிக்கே ஆரம்பிச்சிடுதே, அது எங்க போச்சு?’ நியாயமான கேள்வி. கணக்கெடுப்பு ஒரு நாளை அதிகாலை 4 மணி முதல் மறுநாள் 4 மணி வரை என்று எடுக்கிறது. அவருடைய 3 மணி காணாமல் போகவில்லை, அந்த நாளின் கடைசியில் விழுகிறது. இப்படிப்பட்ட கேள்விக்கு விடை தெரியாமல் தாளை அச்சடிக்காதீர்கள்.

படி 3: சொல்லைப் பாருங்கள்

‘ஊதியமற்ற பராமரிப்புப் பணி’ என்றால் யாருக்கும் ஒட்டாது. ‘சம்பளம் இல்லாத வீட்டு வேலை’ போதும். ‘வேலைக்குப் போகாத பெண்’ என்று எழுதாதீர்கள். மேலே சொன்ன 243 நிமிடத்தை அந்த ஒரு சொல் அழித்துவிடும். ‘கணவர் உதவுகிறார்’ என்றால் வேலை அவளுடையது என்றாகிறது. ‘கணவரும் சமைக்கிறார்’ என்று எழுதுங்கள். 2023 செப்டம்பர் 15 அன்று தமிழ்நாட்டில் தொடங்கிய மாதம் 1000 ரூபாய் திட்டமான ‘கலைஞர் மகளிர் உரிமைத் தொகை’யின் பெயரிலேயே ‘உரிமை’ இருக்கிறது. அதை ‘உதவித்தொகை’ என்று மாற்றிச் சொன்னால் பொருளே மாறிவிடும்.

செய்தவரை மறைக்கும் வாக்கியத்தையும் திருத்துங்கள். ‘பெண்கள் வன்முறைக்கு ஆளாகிறார்கள்’ என்பதில் அடித்தவன் இல்லை. கட்டுரை ‘கணவன்’ என்று சொன்னால் நீங்களும் ‘கணவன் அடித்தான் என்று இத்தனை பேர் சொன்னார்கள்’ என்றே எழுதுங்கள். கட்டுரை ‘தொடர்பு உண்டு’ என்று நிறுத்திய இடத்தில் ‘இதுதான் காரணம்’ என்று போகாதீர்கள்.

படி 4: அடையாளத்தை மறையுங்கள்

பெயரை மாற்றினால் போதாது. ‘காசிமேட்டில் நண்டு விற்கும், கணவரை இழந்த, 52 வயதுப் பெண்’ என்றால் அந்தத் தெருவுக்கே ஆள் தெரிந்துவிடும். தொழில், வயது, குடும்ப நிலை மூன்றையும் ஒன்றாகத் தராதீர்கள், ஒன்று போதும். படம் போடுவதாக இருந்தால் எடுக்கும்போது ஒரு முறை, தாளில் வைத்துக் காட்டிய பிறகு மறுமுறை சம்மதம் கேளுங்கள். அழும் முகம் வேண்டாம். ஏலத்தில் பேரம் பேசும் கை எவ்வளவோ மேல்.

படி 5: தாளும் குரலும்

தாளில் 200 சொல்லுக்கு மேல் வேண்டாம். எழுத்து 16 புள்ளி, யூனிகோட் எழுத்துருவில். பழைய எழுத்துரு என்றால் ஜெராக்ஸ் கடைக் கணினியில் புரியாத குறிகளாக வரலாம். பிடிஎஃப் ஆக்கி எடுத்துப் போங்கள். வாய்ஸ் மெசேஜுக்கு 300 சொல் அளவு போதும். முதல் வரி கேள்வியாக இருக்கட்டும்: ‘அக்கா, நேத்து எத்தனை மணிக்கு எழுந்தீங்க?’ மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பதிவு செய்யுங்கள்.

படி 6: திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள்

மகளிர் குழுக் கூட்டத்தில், அவர்களுக்குத் தோதான நேரத்தில், மூன்று பேரிடமாவது தாளைக் கொடுங்கள். ‘புரிஞ்சுதா?’ என்று கேட்டால் மரியாதைக்கு ‘ஆமா’ என்றுதான் வரும். ‘பக்கத்து வீட்டு அக்காகிட்ட இதை எப்படிச் சொல்வீங்க?’ என்று கேளுங்கள். இரண்டு பேர் ஒரே இடத்தில் தடுக்கினால் அந்த வரியை மாற்றி எழுதுங்கள். ‘எங்க தெருல இப்படி இல்லையே’ என்று யாராவது சொன்னால் அதைக் குறித்து, ஆய்வாளருக்கும் அனுப்புங்கள். திருத்திய தாளின் அடியில் மாதமும் ஆண்டும் போட்டு, பழைய தாளை ஒட்டிய சுவரிலிருந்து கிழித்து எடுத்துவிட்டுப் புதியதை ஒட்டுங்கள்.