சீரியலில் ஒரு ஆளின் குணம் மாறுகிறதா என்று கண்டுபிடிப்பது எப்படி

கோத்தகிரிப் பக்கம் மழைக்காலத்தில் அடிக்கடி கரண்ட் போய்விடும், அதனால் நானும் அம்மாவும் சீரியல் பார்க்கக் கிடைக்கிற அரை மணி நேரத்தைக் கவனமாகப் பார்ப்போம். எப்படி என்று சொல்கிறேன்.

முதலில் ஒரே ஒரு உறவைப் பிடித்துக்கொள்ளுங்கள். 2002-இல் சன் டிவியில் தொடங்கிய ‘மெட்டி ஒலி’யில் ஐந்து பெண்களையும் அப்பாவையும் சேர்த்துப் பின்தொடர்ந்தால் தலை சுற்றும், சரோஜாவையும் அவள் மாமியாரையும் மட்டும் பாருங்கள். யார் யாரை எப்படிக் கூப்பிடுகிறார்கள், யார் பேச்சை யார் பாதியில் வெட்டுகிறார்கள், எல்லாரும் சாப்பிடும்போது யார் நின்றுகொண்டே இருக்கிறார்கள், இதையெல்லாம் ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள்.

அப்புறம் அதே மாதிரி ஒரு சண்டை மறுபடி வரும், அப்போது பழைய பக்கத்தைப் புரட்டுங்கள். முன்பு அழுதவள் இப்போது பதில் சொல்கிறாளா? அழுது மன்னிப்புக் கேட்பதை மட்டும் மாற்றமாக எடுத்துக்கொள்ளாதீர்கள், அது பாதிதான், அடுத்த வாரம் அவர் என்ன செய்கிறார் என்பதுதான் மீதி.

இசை குழப்பினால் சத்தத்தை அணைத்துவிட்டு முகங்களைப் பாருங்கள். தோட்டத்தில் கொழுந்து பறித்துவிட்டுக் கை வலியோடு வந்து உட்காரும் என் அம்மா அப்படித்தான் பார்ப்பார்.