பேராக் மனிதன் முதல் மனிதன் அல்ல: மனிதத் தோற்றம் பற்றித் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் படிவம் 1 (இடைநிலைப் பள்ளி முதலாண்டு) பிள்ளைகளுக்கு வரலாறு டியூஷன் எடுக்கிறேன். வரலாற்றுக்கு முந்திய காலம் என்ற பாடம் வந்ததும் ஒவ்வோர் ஆண்டும் அதே தவறுகள் நோட்டில் வந்து உட்காரும். அவற்றில் பாதி பிள்ளைகளுடையவை அல்ல, வீட்டுப் பெரியவர்கள் சொன்னவை.

போன வாரம் ஒரு மாணவி படம் வரைந்து வந்தாள். இடது ஓரத்தில் குரங்கு, நடுவில் முதுகு கூனிய இருவர், வலது ஓரத்தில் நிமிர்ந்த மனிதன். அழகான படம். ஆனால் இப்படி ஒரே வரிசையில் யாரும் நடந்து வரவில்லை. சிம்பன்சி நமக்குத் தாத்தா அல்ல, பங்காளி. சுமார் 60, 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு பொது மூதாதையிடமிருந்து அவர்கள் கிளையும் நம் கிளையும் பிரிந்தன. "அப்படின்னா குரங்கு ஏன் இன்னும் மனுசனா மாறல, டீச்சர்?" என்பார்கள். உன் சித்தப்பா மகன் ஏன் இன்னும் நீயாக மாறவில்லை என்று திருப்பிக் கேட்டால் பிடித்துக்கொள்வார்கள்.

அடுத்தது, 'மனிதன் இந்த இடத்தில் பிறந்தான்' என்று வரைபடத்தில் ஒரே புள்ளி வைப்பது. எத்தியோப்பியாவின் ஓமோ பகுதியில் கிடைத்த எலும்புகள்தான் நம் இனத்தில் மிகப் பழையவை என்று முன்பு சொல்லிவந்தோம். 2017இல் மொராக்கோவின் ஜெபல் இர்ஹூத் எலும்புகளுக்குச் சுமார் 3 லட்சம் ஆண்டு வயது என்று தெரியவந்தது. முகம் ஏறக்குறைய நம் முகம். மண்டை மட்டும் நம்முடையதைப் போல உருண்டையாக இல்லாமல் நீண்டிருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் ஃப்ளோரிஸ்பாடிலும் சுமார் 2.6 லட்சம் ஆண்டுப் பழமையான மண்டையோடு கிடைத்திருக்கிறது. ஆப்பிரிக்காவின் பல மூலைகளில் இருந்த கூட்டங்கள் பிரிந்தும் கலந்தும்தான் நாம் உருவானோம் என்று இப்போது ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். மஸ்ஜித் ஜாமெக் பக்கம் கோம்பாக் ஆறும் கிள்ளான் ஆறும் சேரும் இடத்தைக் காட்டித்தான் இதைச் சொல்லித் தருவேன். சேர்ந்த பிறகு எது எந்த ஆற்றுத் தண்ணீர்?

'மைட்டோகாண்ட்ரியா ஏவாள்' என்றதும் உலகில் அன்று ஒரே பெண்தான் இருந்தாள் என்று எழுதிவிடுகிறார்கள். செல்லுக்குள் தனி மரபணுக்களோடு இருக்கும் உறுப்பான மைட்டோகாண்ட்ரியா தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைக்கு வரும். ஒருத்திக்கு மகன்கள் மட்டுமே பிறந்தால் அவளுடைய மைட்டோகாண்ட்ரியா அத்தோடு நின்றுபோகும், மற்ற மரபணுக்கள் மகன்கள் வழியே தொடரும். அந்த 'ஏவாள்' காலத்திலும் ஆயிரக்கணக்கான பெண்கள் இருந்தார்கள். இன்று வாழும் எல்லாரிடமும் அறுபடாமல் வந்து சேர்ந்த தாய்வழி அவளுடையது, அவ்வளவுதான்.

இதே குழப்பம்தான் எம்130 விஷயத்திலும். மதுரைப் பக்கம் ஒரு கிராமத்தில் அந்த மரபணுக் குறி கிடைத்ததை வைத்து 'முதல் மனிதன் தமிழன்' என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அது தந்தைவழியாக மட்டும் வரும் குறி. மங்கோலியரிடமும் ஆஸ்திரேலியப் பூர்வகுடிகளிடமும் அந்த வழி இருக்கிறது. ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்கள் தென்னிந்தியா வழியாகவும் போயிருக்கலாம் என்பதற்கு அது ஒரு தடயம், பிறப்பிடத்துக்குச் சான்று அல்ல. கடலில் மூழ்கிய லெமூரியாவில்தான் முதல் மனிதன் தோன்றினான் என்பதும் அப்படித்தான். மடகாஸ்கரில் வாழும், குரங்குகளுக்கு உறவான லெமூர்களுக்கு இந்தியாவோடு தொடர்பு சொல்ல 1864இல் பிலிப் ஸ்க்லேட்டர் என்ற விலங்கியலாளர் ஊகித்த நிலம் அது. கண்டத் தட்டுகள் நகர்வது புரிந்ததும் அந்த ஊகம் தேவையற்றுப்போனது. பஃறுளியாற்றைக் கடல் கொண்ட நம் இலக்கியச் செய்தியை இதோடு சேர்த்துக் கட்டாதீர்கள். தமிழின் பெருமைக்கு இந்த முட்டு தேவையில்லை.

ஆப்பிரிக்காவை விட்டு ஒரே முறைதான் கிளம்பினோம் என்பதும் சரியில்லை. இஸ்ரேலின் மிஸ்லியா குகையில் சுமார் 1.8 லட்சம் ஆண்டுப் பழமையான நம் இனத் தாடை கிடைத்திருக்கிறது. ஆனால் ஆப்பிரிக்காவுக்கு வெளியே இன்று இருப்பவர்களின் வம்சம் பெரும்பாலும் சுமார் 50,000 முதல் 70,000 ஆண்டுகளுக்கு முன் கிளம்பியவர்களிடமிருந்து வந்தது. வழியில் நியாண்டர்தால்கள் என்ற, இப்போது அழிந்துபோன மனித இனத்தோடு கலந்ததால், தமிழர்களான நம்மிடமும் அவர்களுடைய டிஎன்ஏ சுமார் 2 விழுக்காடு இருக்கிறது.

சரி, நம் மலேசியாவுக்கு வருவோம். பேராக் மாநிலத்தின் லெங்கோங்கில் கிடைத்த எலும்புக்கூடான பேராக் மனிதனுக்கு வயது 10,000 முதல் 11,000 ஆண்டுகள்தான். சரவாக்கின் நியா குகையில் 1958இல் கிடைத்த மண்டையோடு ஏறக்குறைய 40,000 ஆண்டுப் பழையது. லெங்கோங்கின் கோத்தா தம்பானில் தோபா எரிமலைச் சாம்பலோடு கல் கருவிகளும் கிடைத்தன. தோபா வெடித்தது சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன். அங்கே எலும்பு கிடைக்கவில்லை என்பதால், அவற்றைச் செய்தது நம் இனம்தான் என்று கல்லை மட்டும் வைத்து அடித்துச் சொல்ல முடியாது. விடைத்தாளில் இந்த மூன்றையும் ஒரே கணக்கில் எழுதுவதுதான் அடிக்கடி வரும் தவறு.

'ஓராங் அஸ்லி இன்னும் கற்கால மனிதர்கள்' என்று நம் நாட்டுப் பூர்வகுடிகளைப் பற்றி ஒரு பையன் எழுதியிருந்தான். அதை அடித்துவிட்டு அவனோடு உட்கார்ந்து பேசினேன். அவர்களுக்கும் நமக்கும் பின்னால் இருப்பது அதே 3 லட்சம் ஆண்டுகள். யாரும் நடுவழியில் நின்றுவிடவில்லை.

அப்புறம் பேராக் மனிதனின் படத்தைக் காட்டினேன். 1991இல், பினாங்கில் இருக்கும் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் சுரைனா மஜிட் குழு குனோங் ருந்தோ குகையில் தோண்டியெடுத்த எலும்புக்கூடு அது. பிறவியிலேயே இடது கையில் ஊனம், விரல் எலும்புகள் குட்டையானவை. அப்படிப்பட்டவர் நாற்பது வயதைத் தாண்டி வாழ்ந்திருக்கிறார். இறந்ததும் காலை மடக்கிக் கருவிலிருக்கும் குழந்தையைப் போலக் கிடத்தி, பக்கத்தில் கல் கருவிகளும் இறைச்சியும் ஆற்று நத்தைகளும் வைத்துப் புதைத்திருக்கிறார்கள். அந்தக் கையைப் பையன் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். "இவருக்காக யார் வேட்டையாடிக் குடுத்திருப்பாங்க, டீச்சர்?" என்று கேட்டான்.