ஏ.டி.எச்.டி. மருந்துச் செலவைக் குறைப்பது எப்படி? சேலம், ஏற்காடு பெற்றோருக்குப் படிப்படியாக

பிள்ளைக்கு ஏ.டி.எச்.டி. (கவனக்குறைவும் அதீதத் துடிப்பும் உள்ள கோளாறு) என்று டாக்டர் சொன்னதும் வீட்டில் அடுத்து எழும் கேள்வி, மாசாமாசம் இந்த மருந்தை எப்படி வாங்கிச் சமாளிப்பது என்பதுதான். பணம் புரளாத மாதத்தில் மருந்தை நிறுத்திவிட்டு, பள்ளியிலிருந்து புகார் வந்ததும் மறுபடி தொடங்குகிற குடும்பங்கள் உண்டு. அந்த நிலை வராமல் இருக்கத்தான் இந்தப் பதிவு. டோஸில் டாக்டரைக் கேட்காமல் கை வைக்காதீர்கள். மற்ற எல்லாவற்றிலும் மிச்சம் பிடிக்க வழி இருக்கிறது.

படி 1: எந்த மருந்து என்று பாருங்கள்

இங்கே பெரும்பாலும் எழுதித் தருவது இரண்டு மருந்துகள். ஒன்று மெத்தில்பெனிடேட், இன்ஸ்பைரல், ஆட்வைஸ் போன்ற பெயர்களில் வரும். மற்றது அட்டோமாக்செட்டின், அட்டென்ட்ரால், ஆக்செப்டா போன்றவை. அமெரிக்காவில் இருக்கும் சொந்தக்காரர் சொல்லும் ஆடரால் என்ற ஏ.டி.எச்.டி. மருந்து இந்தியாவில் விற்பனையில் இல்லை, அதைத் தேடி அலைய வேண்டாம்.

மெத்தில்பெனிடேட் 'ஷெட்யூல் எக்ஸ்' மருந்து, அதாவது விற்பனைக்குக் கடும் கட்டுப்பாடு உள்ளது. அதற்கென்று தனி லைசென்ஸ் உள்ள கடையில்தான் கிடைக்கும். 2020-ல் வந்த டெலிமெடிசின் விதிகளின்படி, வீடியோ காலில் பார்க்கும் டாக்டர் இதை எழுதித் தரவும் முடியாது. ஆகவே ஏற்காட்டு மலையில் நாகலூரிலோ செம்மநத்தத்திலோ இருப்பவர் மலை இறங்கித்தான் ஆக வேண்டும். பஸ் செலவு, அன்றைய கூலி இழப்பு எல்லாம் மருந்துச் செலவோடு சேர்ந்ததுதான். அட்டோமாக்செட்டினுக்கு இந்தக் கெடுபிடி இல்லை. டாக்டர் சீட்டு இருந்தால் சாதாரண மெடிக்கலிலேயே வாங்கலாம். இரண்டில் எது பிள்ளைக்குப் பொருந்தும் என்று டாக்டர்தான் முடிவெடுப்பார். ஆனால் உங்கள் ஊர் எங்கே, வந்துபோக எவ்வளவு ஆகிறது என்பதை அவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். சொன்னால்தான் அதையும் கணக்கில் எடுப்பார்.

படி 2: சீட்டைச் சரிபார்த்த பிறகே அறையை விட்டு வெளியே வாருங்கள்

வீண் அலைச்சல் அதிகம் நடப்பது இந்த இடத்தில்தான். மெத்தில்பெனிடேட் சீட்டு இரண்டு பிரதியாக வேண்டும். ஒன்றைக் கடைக்காரர் வாங்கி இரண்டு வருடம் பத்திரமாக வைத்திருக்க வேண்டும் என்பது விதி. பிள்ளையின் பெயர், முகவரி, தேதி, டாக்டர் கையெழுத்து, வேளைக்கு எத்தனை, மொத்தம் எத்தனை மாத்திரை என எல்லாம் இருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். 'மொத்தம் 30' என்கிற அந்த ஒரு எண் விடுபட்டிருந்தால் கடைக்காரர் தர மறுக்கலாம், அதில் அவர் மேல் தப்பில்லை. எந்தக் கடையில் இருப்பு இருக்கும் என்பதையும் டாக்டரின் உதவியாளரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

மருந்தின் மூலப்பெயரையும் (கம்பெனி வைத்த பெயர் அல்ல, மெத்தில்பெனிடேட் என்பது போன்ற மருந்தின் பெயர்) எழுதித் தரச் சொல்லுங்கள். அதே மருந்து வேறு கம்பெனியில் குறைந்த விலைக்கு இருக்கிறதா என்று விசாரிக்க அது உதவும்.

படி 3: அட்டை விலையை நாள் கணக்காக மாற்றுங்கள்

அட்டையின் விலையை அதிலுள்ள மாத்திரை எண்ணிக்கையால் வகுத்து, ஒரு நாளைக்கு எத்தனையோ அதால் பெருக்குங்கள். இரண்டு கம்பெனிகளை இப்படித்தான் ஒப்பிட வேண்டும். சாதாரண மெத்தில்பெனிடேட் சுமார் 4 மணி நேரம்தான் வேலை செய்யும். மெதுவாகக் கரையும் வகை 8 மணி நேரமோ அதற்கு மேலோ தாங்கும். முதல் வகை பெரும்பாலும் விலை குறைவு. ஆனால் மதியம் பள்ளியில் யாராவது பொறுப்பாக எடுத்துத் தர வேண்டும். வகுப்பு டீச்சர் ஒத்துக்கொண்டால் இதை டாக்டரிடம் கேட்டுப் பார்க்கலாம்.

மெதுவாகக் கரையும் மாத்திரையைப் பாதியாக உடைத்து இரண்டு நாளைக்கு வைக்காதீர்கள். மருந்து மொத்தமும் ஒரேயடியாக இறங்கிவிடும். அட்டோமாக்செட்டின் கேப்சூலையும் பிரிக்கக் கூடாது.

படி 4: ஜி.எச்.சில் கேளுங்கள்

சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. ஓ.பி. சீட்டுக்கும் டாக்டருக்கும் கட்டணம் இல்லை, இருப்பில் உள்ள மருந்தும் இலவசம். "இந்த மருந்து இங்கே கொடுப்பீர்களா?" என்று மருந்து கொடுக்கும் இடத்தில் நேராகக் கேட்டுவிடுங்கள். இல்லை என்றாலும், டாக்டர் ஃபீஸ் மிச்சமாகிற பணம் மருந்துக்கு ஆகும். அட்டோமாக்செட்டின் என்றால் குறைந்த விலையில் மருந்து விற்கும் அரசுத் திட்டக் கடைகளான முதல்வர் மருந்தகம், மக்கள் மருந்தகம் இரண்டிலும் மூலப்பெயரைச் சொல்லி விசாரியுங்கள்.

படி 5: லீவு நாட்களைப் பற்றிப் பேசுங்கள்

மெத்தில்பெனிடேட் சாப்பிடும் சில பிள்ளைகளுக்கு ஞாயிறு, பள்ளி விடுமுறைகளில் மருந்தை நிறுத்திவைக்க டாக்டரே சொல்வதுண்டு. அந்த நாட்களின் மாத்திரை மிச்சம். எல்லாப் பிள்ளைக்கும் இது ஒத்துவராது. அட்டோமாக்செட்டினுக்கு இந்த வழியே கிடையாது. அது முழுப் பலன் தரவே பல வாரம் ஆகும், தினமும் போக வேண்டும்.

படி 6: இன்சூரன்ஸ்

2017 மனநலச் சட்டம் மனநோய்க்கும் உடல்நோய்க்குச் சமமான காப்பீடு தரச் சொல்கிறது. ஆனால் பெரும்பாலான பாலிசிகள் படுக்கையில் சேர்ந்தால்தான் பணம் தரும். உங்கள் பாலிசியில் ஓ.பி.டி. பலன் (படுக்கையில் சேராத வைத்தியத்துக்கும் பணம் தருவது) இருந்தால் பில்லையும் சீட்டு நகலையும் சேர்த்து வையுங்கள்.

படி 7: தீரும் முன்பே கிளம்புங்கள்

கடைசி அட்டையைப் பிரிக்கும்போதே கடைக்கு போன் செய்து இருப்பைக் கேளுங்கள். இல்லையென்றால் வரவழைக்க அவர்களுக்கு அவகாசம் இருக்கும். டாக்டரைப் பார்க்கும் நாளையும் அதோடு பொருத்திவிட்டால், மலையிலிருந்து ஒரே தடவை இறங்கி இரண்டு வேலையையும் முடித்துவிடலாம். இடையில் பிள்ளையின் நடத்தை பற்றி யாரிடமாவது பேச வேண்டுமென்றால் அரசின் மனநல உதவி போன் சேவையான டெலி மானஸ் எண் 14416. இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம்.